கையைப் பார்த்து எழுதிய பெயர்

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். ஆம்பூரில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி ஒரு சந்து. கையில் கிளிப் போட்ட அட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு துணிப்பை. சந்துக்குள் நான் காலை வைத்ததும் முதல் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. நாலு எட்டு வைப்பதற்குள் இரண்டாவது வீடு. பிறகு மாடியில் ஒரு ஜன்னல்.

கதவு சாத்துவதில் பல வகை உண்டு. வெயிலுக்குச் சாத்துகிற கதவு சோம்பலாக வரும். சண்டையில் சாத்துகிற கதவு தெருவுக்கே கேட்கும். இது தாழ்ப்பாளை விரலால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சாத்துகிற கதவு. உள்ளே எதையோ மறைக்கிற வீடு.

அதைவிட இன்னொன்று உறுத்தியது. பள்ளிக்கூடம் லீவு. ஆனாலும் சந்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. சுவரோரம் மூன்று செங்கல் ஸ்டம்ப் மாதிரி நின்றது. பந்து சாக்கடை ஓரம் கிடந்தது. ஆட்டம் பாதியில் நின்று போயிருக்கிறது. அவுட் ஆன பையன் போனான் சரி, அவுட் ஆக்கினவன் எங்கே?

பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைத் தேடி எழுதுவது என் வேலை. கோடை வந்தால் வீடு வீடாகப் போக வேண்டும். அதில் ஒரு சங்கடம் உண்டு. மே மாதத்தில் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் இருக்கும். படிக்கிறதும் வீட்டில், படிக்காததும் வீட்டில். பொய் சொல்ல அதைவிடத் தோதான மாதம் கிடையாது.

டீயும் கொடுப்பார்கள், பொய்யும் கொடுப்பார்கள்

ஜோலார்பேட்டை பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். இவ்வளவு சந்தேகப்படுகிற பெண்பிள்ளைக்கு ஜனங்கள் எப்படி டீ கொடுக்கிறார்கள் என்று. டீயும் கொடுப்பார்கள், பொய்யும் கொடுப்பார்கள். இரண்டையும் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆம்பூரில் போய்க் கேட்டால், பையன் குடியாத்தத்தில் சித்தி வீட்டில் இருந்து படிக்கிறான் என்பார்கள். குடியாத்தத்தில் கேட்டால், ஆம்பூரில் மாமா வீட்டில் இருந்து படிக்கிறான் என்பார்கள். என்னோடு இந்த வேலைக்கு வந்த ராணி சொல்லுவாள்: "இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல ஓடுற பஸ்ஸுலயே ஒரு பள்ளிக்கூடம் நடக்குதுடி, நமக்குத்தான் தெரியல."

ராணியிடம் இன்னொரு வாசகமும் உண்டு. கேட்ட உடனே வருகிற பதில் ஏற்கெனவே சமைத்து மூடி வைத்தது என்பாள். யோசித்துச் சொன்னால் நம்பு, சட்டென்று சொன்னால் மூடியைத் திறந்து பார்.

அவளை விட நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் அந்தச் சந்துக்குள் உங்களை மேலே கூட்டிப்போக முடியாது.

பின்கேட்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பதினாலு வயதில் ஒரு ஷூ கம்பெனியில் நூல் வெட்ட உட்கார்ந்தேன். மிச்சப் படிப்பெல்லாம் கேன்டீனில் வடை சுற்றி வந்த பேப்பரில் படித்ததுதான். எண்ணெய் பட்ட இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும். அதையும் பிரித்துப் படிக்கப் பழகினேன்.

எங்கள் பக்கத்தில் ஆடிட் என்றால் வேறு அர்த்தம். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆள் அனுப்பி, கம்பெனியில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். அதுதான் ஆடிட். அந்த நாளில் தரை வழுக்கும் அளவுக்குக் கழுவுவார்கள். எங்களை மாதிரிச் சின்னதுகளைப் பின்கேட் பக்கம் தள்ளிக்கொண்டு போய், தோல் அடுக்கி வைத்த அறையில் உட்கார வைப்பார்கள். சத்தம் போட்டால் எல்லாருக்கும் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டு வெளியே பூட்டுவார்கள். புதுத் தோலின் வாசனை மூக்கில் ஏறித் தலை வலிக்கும். ஒரு தடவை பக்கத்தில் இருந்தவளுக்கு விக்கல் எடுத்தது. நான்தான் அவள் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அவள் விக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைக்கு ஒளித்து வைத்த பிள்ளையைத் தெரியாதா? பாம்பின் கால் பாம்பறியும்.

அதனால் நான் வாயை நம்புவதில்லை, கையைப் பார்ப்பேன். ஷூவின் மேல்பாகத்தை இங்கே அப்பர் என்பார்கள். அதை மூட்டையாகக் கட்டி வீடுகளுக்குக் கொடுத்து, கையால் தைத்து வாங்குவது வழக்கம். மெழுகு பூசின நூலைச் சுண்டி இழுக்க வேண்டும். இழுக்கிற நூல் ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் அறுக்கும். முதலில் புண், பிறகு கறுப்பாக ஒரு கோடு. சோப்புப் போட்டாலும் போகாது. பிள்ளையின் விரலில் கோடு இருந்தால், பள்ளிக்குப் போகவில்லை என்று எழுதுவேன். கோடு இல்லாவிட்டால் போகிறது. இப்படியே சில வருஷம் ஓட்டினேன். ஆபீஸிலும் நல்ல பெயர்.

கடைசி வீடு

சந்தின் கடைசி வீட்டுக்குள் ஒரு பிள்ளை சிரித்தது. சிரிப்பு பாதியில் அறுந்தது.

தட்டினேன். திறந்தவளுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தலையில் முக்காடு. கதவைப் பிடித்த விரலில் கறுப்புக் கோடு. பெயர் சபீரா என்று பிறகு தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "எங்க வீட்ல யாரும் தைக்கலக்கா" என்றாள்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையைக் கதையில்தான் கேட்டிருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

பள்ளிக்கூட விஷயமாக வந்தேன் என்றேன். அவள் என் கழுத்து அட்டையையே பார்த்தாள். "ஆடிட்டுக்கும் இப்டித்தான் அட்ட மாட்டிகினு வர்றாங்க" என்றாள்.

பேச்சுக் கொடுத்ததில்தான் விஷயம் விளங்கியது. கொஞ்சம் முன்னால், வீடுகளுக்கு அப்பர் மூட்டை கொடுக்கிற ஏஜெண்ட் பைக்கில் வந்து, ஆடிட் ஆட்கள் தெருவில் சுற்றுகிறார்கள், பசங்களை உள்ளே போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மெயின் ரோட்டில் ஆட்டோவை விட்டு அட்டையோடு இறங்கின என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறான். சந்து மொத்தமும் பயந்து, இருக்கிற பிள்ளைகளையெல்லாம் ஒரே வீட்டில் அடைத்துவிட்டது. இங்கிலீஷ் மீடியத்துக்கு வேனில் போய் ஒழுங்காகப் படிக்கிற பிள்ளைகளையும் சேர்த்து.

உள்ளே போனேன். மூலையில் ஒரு குவியலின் மேல் பெட்ஷீட் போர்த்தியிருந்தது. அதற்கு அடியில் இருந்து ஒரு கறுப்பு நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது, ஷூவின் நாக்கு. சொம்பில் சாய்த்து வைத்த செல்போனில் சத்தமில்லாமல் கார்ட்டூன் ஓட, பன்னிரண்டு பதிமூன்று பிள்ளைகள் முட்டி மோதி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண் நின்றாள். பன்னிரண்டு வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை. அதே மூக்கு, அதே முழியோடு இன்னொன்று அவள் குர்த்தாவைப் பிடித்துக்கொண்டு காலடியில். அவள் புருவத்தைத் தூக்கினால் அறையே அடங்கியது. எனக்கே உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது.

சபீராவின் மூத்த மகள். பெயர் ஷாஹினா.

எந்த வகுப்பு என்று கேட்டேன்.

"ஏழாவது போறேன். உருது மீடியம்." மூச்சு விடாமல் வந்தது.

ராணியின் வாசகம் மண்டையில் மணி அடித்தது. சமைத்து மூடி வைத்த பதில். மூடியைத் திறந்துவிடலாம் என்று, கையைக் காட்டச் சொன்னேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். நான் கேட்காமலே மறுபடியும் மாற்றி, இடது கையையும் நீட்டினாள். மருதாணி வெளுத்துப் போயிருந்தது. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. விரல் மடிப்பு பூ மாதிரி சுத்தம்.

'படிக்கிறாள்' என்று எழுதினேன்.

அந்தக் கூட்டத்தில் கோடு விழுந்த விரல்கள் இரண்டு கிடைத்தன, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். அவர்களை எழுதிக்கொண்டேன். சபீரா சர்பத் கொடுத்தாள். குடித்துவிட்டு, ஒரு சந்தையே ஏமாறாமல் தாண்டிவிட்ட கெட்டிக்காரியாக வீட்டுக்குப் போனேன்.

திருப்பி வைத்த கம்ப்யூட்டர்

ஜூனில் பள்ளி திறந்ததும், எழுதின பெயர்களைப் பள்ளிகளில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அந்த உருதுப் பள்ளியின் எச்.எம். டீச்சருக்கு என்னைப் போன்றவர்கள் மேல் ஒரு கடுப்பு உண்டு. பிள்ளை வந்தால் உங்கள் லிஸ்ட் காரணம், வராவிட்டால் எங்கள் பள்ளி காரணம், இல்லையா என்று குத்திவிட்டுத்தான் நாற்காலி காட்டுவார்.

ஏழாவதில் ஷாஹினா என்று சொன்னேன். டீச்சர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரைத் தட்டி, திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்தப் பெண் ஆறாம் வகுப்பில் பாதி வருஷம் வந்திருக்கிறாள். பிறகு வரவில்லை. அப்பா பெங்களூரில் வேலை செய்கிறார், அங்கே போகிறோம் என்று சொல்லி நின்றிருக்கிறாள். பெங்களூரில் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. எந்தப் பள்ளியிலும் இல்லாத பெயர்களைப் போட்டு வைக்க கம்ப்யூட்டரில் ஒரு தனிக் கிடங்கு இருக்கிறது. அவள் பெயர் அங்கேதான் கிடந்தது.

"நாங்க இவளக் காணோம்னு தேடிட்டு இருந்தோம்மா" என்றார் டீச்சர். "நீங்க படிக்கிறான்னு எழுதிட்டீங்க. இனி இவள யாரு தேடுவா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். என் கையெழுத்தை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற வேலைக்கு வந்து, ஒரு பிள்ளையைத் தேடவே முடியாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு சாண் திறந்தது. ஷாஹினாதான். இடுப்பில் ஒருத்தன், காலடியில் ஒருத்தன்.

"அம்மி கம்பெனி போயிருக்கு. ஆடிட்டா?" அம்மாவைத்தான் அம்மி என்கிறாள்.

நான் பள்ளிக்கூட அக்கா என்றேன்.

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இன்றைக்குப் பள்ளி லீவா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க கையத்தான பாத்தீங்க" என்றாள். "ஒருத்தன் இடுப்புல இருந்தான். ஒருத்தன் கால்ல இருந்தான். அவனுங்கள பாத்தீங்களா?"

பசங்கள் தூங்குகிற நேரம், சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

நூல் இழுத்தால் விரலில் கோடு விழும். நாள் முழுக்க இரண்டு பிள்ளையைத் தூக்கினால் எங்கே விழும்? வெயிலில் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். என்னை யாரோ ஜன்னல் வழியாகக் கவனித்தார்கள். கவனிக்கட்டும் என்று நின்றேன்.

யார் அனுப்பி வந்தாய்

சாயங்காலம் கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் காத்திருந்தேன். சபீரா இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டு வேகமாக நடந்தாள். கூடவே நடந்தேன்.

நான் தப்பாக எழுதிவிட்டேன், மாற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னேன். மாற்றி எழுதினால் போலீஸ் வருமா என்று கேட்டாள். வராது என்றேன்.

"அப்ப எதுக்கு எழுதற?"

சின்னப் பிள்ளைகள் இரண்டுக்கும் வழி சொல்லலாம் என்று பேச்சை மாற்றினேன்.

அங்கன்வாடியில் விடலாமே என்றேன். அது திறப்பதற்கு முன்னால் வேன் வந்துவிடும், அது மூடின பிறகும் மூன்று மணி நேரம் கம்பெனியில் இருக்க வேண்டும், நடுவில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். நியாயம். கம்பெனிக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டுமே என்றேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

நின்றுவிட்டாள். முதல் தடவையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"இருக்கே. சுவத்துல கிளி, யானையெல்லாம் வரஞ்சி வெச்சிருக்காங்க. ஆடிட் அன்னிக்கு தொறப்பாங்க. மொத நாளே வந்து, புள்ள இருக்கறவங்கல்லாம் தூக்கிகினு வாங்கன்னு கெஞ்சுவாங்க. போன தடவ என் பசங்களயும் கேட்டாங்க. புது பாய், பிஸ்கட்டு, பாத்துக்க ஒரு பொம்பள. மறுநாள் பூட்டு. உள்ள அட்டப்பொட்டி அடுக்கிட்டாங்க."

அடுத்த தடவை ஆடிட்டுக்கு மறுநாளும் தூக்கிக்கொண்டு போயேன் என்றேன். வாய் தவறி வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அவள் முகம் மாறிவிட்டது. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். "யாரு அனுப்பி வர்ற நீ? யூனியனா? ஏஜெண்டு வுட்டு ஆழம் பாக்குறானா? வேல போச்சுன்னா நீ வந்து ஆக்கிப் போடுவியா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆக்கிப் போட மாட்டேன் என்பது எனக்கும் தெரியும். அவள் சந்தேகம் என் சந்தேகத்தை விட நேர்மையானதாகப் பட்டது.

படிவத்தை அடித்து மாற்றி எழுதி, நான் செய்தது தவறு என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஷாஹினாவின் பெயர் ஏழாம் வகுப்புப் பதிவேட்டில் ஏறியது. பெயர் ஏறியது, ஆள் வரவில்லை. பிறகு நாலைந்து தடவை அந்தப் பக்கம் போனேன். சபீரா என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுவாள். பேஜாரு புடிச்ச பொம்பள என்று சந்தில் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

இன்னிக்கு மட்டும்

மழை பிடித்திருந்த ஒரு வாரத்தில் எச்.எம். டீச்சர் போன் செய்தார். உங்கள் ஆள் வந்திருக்கிறாள் என்றார். ஏதோ குறும்பு செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

போனேன். ஷாஹினா கடைசி பெஞ்சில் இருந்தாள். இன்றைக்குக் கம்பெனியில் ஆடிட், தம்பிகளைக் கேட்டார்கள், அம்மி தூக்கிக்கொண்டு போயிருக்கிறது, அதனால் இன்றைக்கு மட்டும் வந்தேன் என்றாள். ஒரு நாள் வருகிற பிள்ளையை என்னவென்று எழுதுவது என்று டீச்சர் என்னைக் கேட்டார். வந்தாள் என்று எழுதுங்கள் என்றேன்.

மறுநாள் எனக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தாலும் ஒன்பது மணிக்குப் போய் வராந்தாவில் நின்றேன். வரமாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ளத்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

வந்தாள். முட்டி வரைக்கும் நனைந்திருந்தாள். என்னைப் பார்த்து, "அம்மி ரெண்டு பேரையும் தூக்கிகினு வேன்ல ஏறிடுச்சி" என்றாள். அவளுக்கே அது நம்பிக்கையாக இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண் கரும்பலகையில் இல்லை, வாசலில் இருந்தது. யாராவது வந்து கூப்பிட்டால் எழுந்து ஓடத் தயாராக ஒரு கால் பெஞ்சுக்கு வெளியே இருந்தது.

கம்பெனி வாசலில் அதே நேரம் நடந்ததைச் சபீரா சாயங்காலம், எதிர்ச் சாரிக்கு மாறாமல் நின்று, என்னிடம் சொன்னாள். வாட்ச்மேன் தடுத்து, இன்றைக்கு ஆடிட் இல்லையம்மா, எதற்குப் பிள்ளைகளைத் தூக்கி வந்தாய் என்றிருக்கிறார்.

"பசங்களுக்கு அது தெரியலங்க" என்றிருக்கிறாள் சபீரா. "நேத்து வந்த எடத்துக்குப் போவணும்னு அழுவுறாங்க."

சூப்பர்வைசர் வந்தார். யார் சொல்லிக் கொடுத்து இப்படி வந்தாய் என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான் என்றாள் என்னிடம். அவருக்கு அந்த மௌனம் வேறு மாதிரிப் பட்டிருக்கிறது. ஆடிட் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாம் நாளும் வருவார்களோ, நேற்று இந்தப் பொம்பளையிடம் தனியாக ஏதாவது கேட்டு வைத்தார்களோ என்று யோசித்திருக்க வேண்டும். போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடந்தார். பிறகு அட்டைப்பெட்டிகளை வெளியே எடுக்கச் சொன்னார்.

அடுத்த நாள் இன்னும் இரண்டு பெண்கள் பிள்ளையோடு வேனில் ஏறினார்கள். அந்த அறைக்கு மறுபடி பூட்டு விழுமா என்று இன்றைக்கும் நான் அந்தப் பக்கம் போகிறவர்களைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆனால் அன்று காலை எங்களுக்கு இது எதுவும் தெரியாது. ஷாஹினா வகுப்புக்குள் வாசலைப் பார்த்தாள். நான் வராந்தாவில் கேட்டைப் பார்த்தேன். குடையோடு யார் வந்தாலும் எட்டிப் பார்த்தேன். ஒரு தடவை வந்தது முட்டை வண்டிக்காரர். ஒரு தடவை யாருடைய அப்பாவோ.

சாப்பாட்டு மணி அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போய்ச் சாப்பிட்டாள். திரும்பி வந்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். மதியம் முதல் பீரியட் முடிந்தது. யாரும் வரவில்லை.

இரண்டாவது பீரியடில் வகுப்பு டீச்சர் எல்லாரையும் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். ஷாஹினா கடைசியாக ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். பிறகு பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்து, குனிந்து ஜிப்பைத் திறந்தாள்.